ரெண்டு நிமிசத்துக்கு ஒரு பஸ்

– நாப்பது பேர் கொழுந்து எடுக்கிற மலையிலை, ஒரு நாளைக்கு அறுநூறு தரம் போனிலை பஸ் நேரம் கேட்டிருக்கிறியள். ஏன் பூரணியக்கா?

– பஸ்ஸு வேணும்ல, சஞ்சயன் ஐயா? ஹட்டனுக்குப் போகணும்ல?

– பாலம் உடைஞ்சு மூண்டு மாசம். பஸ்ஸே வாறேல்லையே!

– என்னைக்காச்சும் வரும்ங்க. அதான் விசாரிச்சு வைக்கிறோம்.

– பகிடி விடாதேங்கோ. எங்கடை போன் டவர் றேடியோ மாதிரி. தேயிலை விலை, மழை, கிரிக்கெட், பஸ் எண்டு மாறி மாறி எல்லாப் போனுக்கும் அனுப்பும். ஆக்கள் கூடக் கேக்கிற செய்தி கூடத் தரம் போகும். நீங்கள் கேட்டுக் கேட்டு, இப்ப ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா பஸ்தான். தோட்டத்துத் துரைக்குத் தேயிலை விலை வருகுதில்லையாம். இண்டைக்குச் சரிப்பண்ணாட்டி என்ரை வேலை போயிடும்.

– அடப் பாவமே! ரொட்டி திங்கிறீங்களா? சம்பலும் இருக்குங்க.

– வேண்டாம். இந்தா, லப்டொப்பிலை மாத்தப் போறன். பஸ் இனி மணித்தியாலத்துக்கு ஒருக்கா.

– சாமி, ஒரு பத்து நிமிசம் பொறுங்க! ஒங்க போனையும் சத்தமில்லாம வச்சிருங்க.

– அதுதான் எனக்கு விளங்கேல்லை. ஒருத்தற்றை போனிலையும் சத்தமில்லை. பிறகு ஆருக்கு இந்தப் பஸ்?

– அந்தா, செடிக்கு மறவுல ஒக்காந்திருக்கே, எங்க வீரம்மா. ஏழு மாசம், காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. எங்க வேலய மேப்பாக்க வர்ற கண்டாக்கையா கண்டாருன்னா அரைப்பேருதான், பாதி நாள் கூலி போச்சு. இந்த மாசம் மூணு தடவ போட்டுட்டாரு. பனிக்குள்ள பூன மாதிரி வருவாருங்க. பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் தெரியாது. வயிறு எரியுதுங்க எனக்கு.

– அந்த மனுசனோ? காலமை ஜீப்பிலை இடமில்லை எண்டு என்னை நடக்க விட்டவர்.

– துரை அவருக்கு ஒரு போனு குடுத்திருக்காரு. கூப்புட்டா கேக்கணுமாம், சத்தத்தக் கொறைக்கவே கூடாதுன்னு உத்தரவு.

– அதுக்கும் பஸ்ஸுக்கும் என்ன...

– ஸ்ஸ்ஸ்! காதக் குடுத்துக் கேளுங்க.

– என்னவோ கீக் கீக் எண்டு... பனிக்குள்ளை இருந்தெல்லோ வருது?

– வந்துட்டாரு! ஏய் வீரம்மா, எந்திரிடி! கூடைய மாட்டு! எல்லாரும் கைய ஓட்டுங்கடி!

– அக்கா! அப்ப, இவ்வளவு நாளும் அந்தாளின்ரை போன் கத்தத்தானோ பஸ் கேட்டனீங்கள்...

– மாத்துறதுன்னா மாத்திக்கங்க, ஐயா. ஒங்க வேலையும் போகக் கூடாதுல்ல. அவ நிக்க முடியிற வரைக்கும் நிப்பா.

– பொறுங்கோ, ஒபிசுக்கு ஒரு கோல் எடுக்கிறன்... ஹலோ, சேர்? தேயிலை விலையைத் துரையின்ரை போனுக்குத் தனிய அனுப்பிவிடுவம். பஸ்ஸிலை மட்டும் கை வைக்க ஏலாது, சேர். இஞ்சத்தைச் சனம் அந்தப் பஸ்ஸை நம்பித்தான் சீவிக்குது!