பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை

போலீஸ் சார்ஜன் சிவமலர் மேடம், இதை நீங்கள் மட்டும் படியுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், என் அப்பாவிடம் காட்டாதீர்கள். நாளைக் காலை ஜெயராஜ் அங்கிளை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் எங்களை ஏமாற்றவில்லை! அதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அப்பா ரிப்போர்ட் கொடுத்தபோது நீங்கள் கேட்டுக் கேட்டு எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதே மாதிரி எழுதுகிறேன்.

என் பெயர் மலர்விழி த/பெ திருச்செல்வம். வயது பதினாறு. நான்காம் படிவ மாணவி. கிள்ளான், காப்பார் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் அப்பா, அம்மா தனலெட்சுமி, அண்ணன் லோகன் ஆகியோருடன் வசிக்கிறேன்.

தீபாவளிக்கு முன் அப்பா ஜெயராஜ் அங்கிளிடம் ஒரு பழைய கார் வாங்கினார். தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் ஃபேக்டரிக்கு அண்ணன் இரவு வேலைக்குப் போய்வர அது தேவைப்பட்டது. மனைவி ரமணி ஆன்டி நோயில் இறந்துவிட்டதால் காரை விற்பதாக அங்கிள் சொன்னார். அதன் பிறகு கொஞ்ச நாள் கார் நன்றாக ஓடியது. அதன் பிறகு, அண்ணன் தனியாகப் போகும்போதெல்லாம் டிங் டிங் என்று எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கும் எரிந்தது. அந்த சீட்டில் யாரும் இல்லை.

அதன் பிறகு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தார்கள். "ஒரு ஃபால்ட்டும் காட்டல பாஸ். ஆள் உக்காந்திருக்குன்னு கார் சொல்லுது" என்றார் மெக்கானிக். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் மட்டும், "ரமணி ஆன்டியா இருந்தா பெட்ரோல்ல பாதி கேக்கலாம் லா" என்று சிரித்து அம்மாவிடம் அடி வாங்கினான். அதன் பிறகு மணி இன்னும் மோசமானது. கிளம்பினால் போய்ச் சேரும்வரை நிற்பதே இல்லை.

இது அடிபட்ட கார், அதனால்தான் சென்சர் கெட்டுவிட்டது, ரமணி ஆன்டி இதிலேயேதான் இறந்திருப்பார், அதை மறைத்து நம் தலையில் கட்டிவிட்டான் என்று அப்பா முடிவு செய்தார். போன ஞாயிற்றுக்கிழமை அங்கிளை வீட்டுக்கு வரவழைத்துக் கத்தினார். அங்கிள் நேராகக் காருக்குப் போனார். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து காரை ஸ்டார்ட் செய்தார். மணி அடித்தது. அவர் காலி சீட்டின் மேல் சாய்ந்து, எட்டி பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது. கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"அவளுக்கு விரல் மடங்காதும்மா. நான்தான் போட்டுவிடுவேன்" என்றார். அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியா, அவ இந்த சீட்டுலதான் இருந்தான்னு அவனே ஒத்துக்கிட்டான்!" என்றார் அப்பா.

"பேய்க்கு பெல்ட் போட்டாச்சுப்பா, இனிமே பெல்ட் போடலன்னு சம்மன் வராது" என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அப்பா உங்களிடம் வந்து ரிப்போர்ட் கொடுத்தார்.

மேடம், எனக்கு அன்றே உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பேயை நினைத்து இல்லை. பெல்ட் போட்டதும் மணி நின்றது என்றால் மணி கெட்டுப்போகவில்லை! சென்சரும் கெட்டுப்போகவில்லை! கார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அப்படியென்றால் அந்த சீட்டை ஏதோ ஒன்று அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

இன்று அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தான், கார் வீட்டில் இருந்தது. பள்ளி விட்டு வந்ததும், அம்மா பாசாரில் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்துச் சாவியை எடுத்தேன். சாவியைத் திருப்பினேன். டிங் டிங். அதன் பிறகு சீட் கவரின் கொக்கிகளைக் கீழே குனிந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கவர் தளர்ந்தது. மணி நின்றது! நான் கத்தியேவிட்டேன், பிறகு வாயைப் பொத்திக்கொண்டேன். கவருக்குள் கையை விட்டால் மஞ்சள் துணியில் சுற்றிய செப்புத் தகடு. ஒன்று இல்லை, இரண்டு. அவற்றை இருந்த இடத்திலேயே வைத்துக் கவரை இழுத்துப் பிடித்தேன். டிங். எடுத்தேன். நின்றது. மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்தேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில்கூட எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை மேடம்.

அதன் பிறகுதான் பயம் வந்தது. துணி அம்மாவின் பழைய சேலை. சாமியாரிடம் மந்திரித்துத் தகடு வாங்கக்கூடாது என்று அப்பா அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஒரு தகடு மெல்லியது, அண்ணன் இருட்டில் நெடுஞ்சாலையில் போகிறானே என்று வைத்தது. இன்னொன்று தடிமனானது, புதியது. மணி அடித்ததும் பேய் என்று பயந்து அம்மா அதையும் சேர்த்து வைத்திருக்கிறார். அதனால்தான் மணி நிற்காமல் அடித்திருக்கிறது. தகடுதான் மணி அடிக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. அங்கிள் மாட்டிக்கொண்டது தெரியும். ரிப்போர்ட் கொடுத்த நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு தகடும் என் பென்சில் பெட்டியில் இருக்கின்றன. பள்ளிக்குப் போகும் வழியில் இந்தத் தாளோடு சேர்த்து உங்களிடம் கொடுப்பேன். அங்கிளை அனுப்பிவிடுங்கள். அப்பாவிடம் சீட் கவர் இறுக்கமாக இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். அதுவும் பொய் இல்லை.

இப்போது கீழே கார் ஸ்டார்ட் ஆகிறது. அண்ணனுக்கு மாத்திரை வாங்க அப்பா கிளம்புகிறார். மேடம், நான் தப்பு செய்துவிட்டேன். இதை யோசிக்கவில்லை. மணி அடிக்கவில்லை.

எஞ்சின் நின்றுவிட்டது. "தனா! இங்க வா, சத்தமே வரல!" என்று அப்பா கூப்பிடுகிறார். அம்மா வெளியே போகிறார். இடது பக்கக் கதவு திறக்கிறது. "ஒண்ணும் இல்லங்க, நீங்க போயிட்டு வாங்க" என்கிறார் அம்மா. சீட் கவருக்குள் கைவிட்டுப் பார்த்திருப்பார். கார் போய்விட்டது.

படியில் கால் சத்தம். சீக்கிரம் முடிக்கிறேன்.

இதில் உள்ளது முழுவதும் நான் கண்ணால் பார்த்தது, கையால் தொட்டுச் சோதித்தது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. உண்மை என்று

கதவைத் தட்டும் சத்தம். அண்ணனுக்குக் கேட்காதபடி, நகத்தால். அம்மாதா