அலர்ஜி: எதுவும் இல்லை

...பன்னண்டே வாரம் சார்! பன்னண்டு வாரம் ஒரு கோர்ஸ் படிச்சிட்டு, நானும் புரோகிராமர்னு வந்து பக்கத்து சீட்ல உக்காந்தா வேறென்ன நடக்கும்? அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தா தெரியுமா? பல் டாக்டர்கிட்ட இருந்து ஊராரு பல்லக் கிளீன் பண்ணிட்டிருந்தா. இருபது வருஷம்! பேரு நோரீன். நல்ல பொம்பளதான், இல்லேங்கல... வெள்ளிக்கிழமையானா வாழப்பழ ரொட்டி சுட்டு எடுத்துட்டு வருவா. ரொட்டியா கேட்டோம் அவள?

அந்தப் பைய இப்படி நகத்தி வைங்க சார், தாராளமா உக்காருங்க. இந்த ஃபெர்ரி சியாட்டில் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். ஜன்னல் பக்கம் என்னத்தப் பாக்கப் போறீங்க, வெறும் தண்ணி.

நான் பதினாறு வருஷமா போனுக்கு ஆப் எழுதறேன். கர்ட்டிஸ்னா எங்க ஆபீஸ்ல ஒரு பயம் உண்டு. இந்தக் கத்துக்குட்டிங்களுக்குக் கலர் அடிக்கத் தெரியும், பட்டன உருண்டையாக்கத் தெரியும். ஒரு லிஸ்ட மூட்ட கட்டத் தெரியுமா? தெரியாது!

புரியலையா? சரி, கேளுங்க. கோடை முகாமுக்கு ஒரு ஆப் பண்ணினோம். தீவுல போய்த் தங்குமே பிள்ளைங்க, அந்த முகாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. பேரு, வயசு, எந்தக் கேபின்... அதுக்குக் கீழ ஒரு லிஸ்ட், அந்தப் பிள்ளைக்கு எதெல்லாம் ஒத்துக்காதுன்னு. வேர்க்கடலை, பாலு, தேனீக் கடி, அப்படி. இந்த போன் இருக்கே, அதுக்கு மரியாதையே கிடையாது சார். நீங்க ஆப்பப் பாத்துட்டே இருக்கும்போது கேமராவத் திறந்தீங்கன்னா, எடம் பத்தலன்னு சில நேரம் ஆப்பக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிடும். பழைய போன்னா கேக்கவே வேணாம். தள்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு சலுகை. 'கையில இருக்கறத ஒரு பொட்டியில கட்டி வெச்சிட்டுப் போ, திரும்பி வந்தா பிரிச்சுக்கோ.' பேரு, வயசெல்லாம் கட்றது சுலபம். லிஸ்ட்தான் சனியன்! எத்தன உருப்படின்னு எண்ணி எழுதணும், ஒவ்வொண்ணா உள்ள வைக்கணும், வெச்ச வரிசையிலயே வெளிய எடுக்கணும். பல்லு தேய்க்கற வேலையா இது?

போன வாரம் அந்த முகாம்ல ஒரு பையன், காரெட்டுன்னு பேரு, ஒம்பது வயசு. சாயங்காலம் பிஸ்கட் குடுக்கற நேரம். பாத்துக்கற பொண்ணு அவன் அட்டையத் திறந்திருக்கா. அவன் என்னமோ ஒரு நண்டப் பிடிச்சுத் தூக்கிக் காட்டிருக்கான். உடனே இவ அதே போன்ல ஒரு போட்டோ எடுத்திருக்கா. எடுத்துட்டு வந்து பாத்தா அட்டை அப்படியே இருக்கு. பேரு சரி, வயசு சரி, கேபின் சரி. லிஸ்ட் மட்டும் காலி. லிஸ்ட் காலின்னா எங்க ஆப் என்ன காட்டும்? பச்சையா ஒரு டிக்கு. 'அலர்ஜி: எதுவும் இல்லை.' முந்திரி பிஸ்கட்ட எடுத்துக் கையில குடுத்துட்டா.

உதடெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்து... தொடையில ஊசி போட்டு, ஹெலிகாப்டர் வந்து... இல்ல இல்ல, பொழச்சிட்டான். வீட்லதான் இருக்கான். நான் தினம் விசாரிக்கறேன்.

இன்னைக்குப் பத்தரைக்கு மீட்டிங். நோரீன வேலைய விட்டு அனுப்பறதுக்கு. எங்க தொழில்ல ஒரு பழக்கம், எழுதின ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் அதக் கடைசியாத் தொட்டவங்க பேரு நிக்கும். அந்த அட்டைய மூட்ட கட்டற ஃபைலத் திறந்தா, மேலேருந்து கீழ வரைக்கும் நோரீன், நோரீன், நோரீன். 'லிஸ்டக் கட்டாதே, விட்டுடு'ன்னு ஒரு வரி இருக்கு. அதுக்குப் பக்கத்துலயும் நோரீன். நேத்தே மேனேஜர் லாயிட் அதப் பெரிய திரையில போட்டுக் காட்டினாரு. அவ கண்ணாடியக் கழட்டித் தொடச்சு, மாட்டி, மறுபடி பாக்கறா. எத்தன தரம் தொடச்சாலும் அதே பேருதான!

என்னது? ஏன் லிஸ்ட விடணும்னா? அட, அதுக்குக் காரணம் இருக்கு சார்! ஒண்ணும் தெரியாம விட்டதுன்னு நெனச்சீங்களா? பொட்டிக்கு ஒரு அளவு உண்டு. சில பிள்ளைங்க லிஸ்ட் இவ்ளோ நீளம், டாக்டர் சீட்ட போட்டோ எடுத்து அதுக்குள்ளயே திணிச்சிருப்பாங்க. பொட்டி தாங்காது, ஆப் பொத்துன்னு விழுந்துடும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு முகாம்காரங்களுக்குப் போட்டுக் காட்டணும், ரெண்டு அம்பதுக்கு விழுது! பத்து நிமிஷத்துல யாரு என்ன கிழிக்க முடியும்? லிஸ்ட விட்டுட்டா விழாது. காலியா இருந்தா சர்வர்லேருந்து மறுபடி கொண்டு வர்ற மாதிரி திங்கக்கிழமை எழுதிக்கலாம். திங்கக்கிழமை வந்தா வேற ஒரு வேல தலையில விழுந்துச்சு. அவ்ளோதான்.

யாரு தலையிலயா... உங்க காபி ஆறுது சார், குடிங்க.

இல்ல... அந்த வெள்ளிக்கிழமை மார்ச்சுல. நோரீன் ஏப்ரல்லதான் வேலைக்கே சேந்தா. ஆமா சார், எனக்கும் காலண்டர் பாக்கத் தெரியும்! அவ பேரு எப்படி வந்துச்சுன்னா... ஃபைலெல்லாம் கண்றாவியா இருந்துச்சு. ஒருத்தன் வரிய நாலு எடம் தள்ளி ஆரம்பிக்கறான், ஒருத்தன் ரெண்டு. 'எல்லா வரியையும் ஒரே மாதிரி நேர் பண்ணு'ன்னு அவகிட்ட நான்தான் சொன்னேன். சேந்த புதுசு, வேறென்ன குடுக்கறது? ஒரு வாரம் உக்காந்து ஒரு வரி விடாம நேர் பண்ணினா. பல்லு வரிசையாட்டம், அவ்ளோ சுத்தம். தொட்டவங்க பேருதான நிக்கும்? தோண்டிப் பாத்தா அடியில பழைய பேரு கெடைக்கும். லாயிடுக்குத் தோண்டத் தெரியாது. தோண்ட முடியும்னே அவளுக்குத் தெரியாது. அத நான் சொல்லிக் குடுக்கல.

காலையில எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கா பாருங்க. 'கர்ட்டிஸ், அந்த வரிய எழுதின ஞாபகமே எனக்கு இல்ல. ஆனா என் பேரு இருக்கே, நானாத்தான் இருக்கணும். காரெட்டோட அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் எழுதிருக்கேன். மீட்டிங்குக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுப் பாத்துச் சொல்றீங்களா?'

எங்கிட்ட கேக்கறா சார்! நான் என்னத்தச் சொல்றது? கட்ட வெரலத் தூக்கிக் காட்டற பொம்மை ஒண்ணு போட்டு அனுப்பிட்டேன்.

என்ன எந்திரிச்சிட்டீங்க? கரை இன்னும் வரலையே... அந்தப் பக்கம் எல்லா சீட்டும் ஈரம் சார், அங்க போய் எப்படி... சார்! நான் சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? இன்னைக்கு எல்லாரும் கொதிச்சுப் போய் இருக்காங்க, இந்த நேரத்துல போய்... கொஞ்சம் அடங்கட்டும். திங்கக்கிழமை சொல்லிடறேன் சார்.