முள் காட்டிய சூடு

— அடுப்ப விடுங்களேன், கொழம்பு தாளிக்கணும். சுரேந்தர் பஸ் ஏறிட்டேன்னு போன் பண்ணிட்டான்.

— ஒரே ஒரு கொதிதான் சுவாதி. தண்ணி கொதிச்ச ஒடனே எறக்கிடறேன். அந்தப் பழைய அலுமினிய சட்டிய இப்படிக் குடு.

— சமைக்கிற அடுப்புல காரு சாமான எதுக்குங்க வைக்கிறீங்க? அந்தக் காரத்தான் வித்தாச்சே.

— காரு போச்சு, மீட்டரு இருக்குல்ல. ஆயில் சூடு காட்டுற மீட்டரு தனக்கு வேணாம்னு வண்டிய வாங்குன பாண்டிக்காரரு சொல்லிட்டாரு, நான் கழட்டி வச்சிக்கிட்டேன். இரு, இரு, பேட்டரி வயரு கழண்டுக்கப் போவுது. கொஞ்சம் அந்தாண்ட நில்லு.

— வியாழக்கிழம அவன் மஸ்கட்டுக்குப் போறான். போறதுக்கு முன்னாடி அக்கா வீட்டுல ஒரு வேள சாப்பிடணும்னு சிதம்பரத்துலேருந்து வர்றான். இந்த நேரத்துல அந்தக் கதைய எடுக்கணுமா? உங்க மச்சான் நிம்மதியா சாப்பிட்டுப் போகட்டும், விடுங்களேன்.

— அவன் வர்றதாலதான் இன்னைக்கே பாக்கணும்ங்கறேன். நேத்து அந்தப் பாண்டிக்காரரு எனக்குப் போன் பண்ணாரு. உன்கிட்ட சொல்லல.

— ஏன், வண்டில ஏதாவது கொறையாமா?

— கொற சொல்லியிருந்தா தேவல. பாராட்டுறாரு. என்ஜின எறக்கிப் பிரிச்சுப் பாத்தாங்களாம். உள்ள பேரிங்கெல்லாம் புதுசு மாரி மினுக்குதாம். ரேஸ் டிராக்ல ஓட்டுன வண்டின்னு சொன்னீங்க, வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போயி வந்த வண்டி மாரி இல்ல இருக்குதுன்னு சிரிக்கிறாரு. எனக்கு சிரிப்பு வரல.

— நல்லா இருந்தா நல்லதுதானே.

— இல்ல சுவாதி, நல்லா இருக்கக் கூடாது. ஆயில் சூடு நூத்தி முப்பது தாண்டுச்சின்னா தண்ணி மாரி எளகிப் போவும். சுத்துற இரும்புக்கும் பேரிங்குக்கும் நடுவுல மெத்த மாரி நிக்கணும் அது. எளகிப் போனா நிக்காது, ரெண்டும் ஒரசும். நம்ப வண்டி டிராக்குக்குப் போனப்பல்லாம் நூத்தி நாப்பதத் தொட்டுச்சு. அவ்ளோ சூட்டுல ஓடுன பேரிங் கீறியிருக்கணும், கறுத்திருக்கணும். ஒரு கோடு கூட இல்லன்னா இன்னா அர்த்தம்?

— ஆயில் நல்ல ஆயிலா இருந்திருக்கும். நீங்கதானே மெட்ராஸ் வரைக்கும் போயி தேடி வாங்கினீங்க.

— ஆயில மாத்துனேன். அது போறலன்னு கெட்டி ஆயிலா ஊத்துனேன். ஆயில ஆத்துற கூலர மாத்துனேன், பெருசா. அதுக்கு காத்து போறலன்னு முன் பம்பர வெட்டி வழி பண்ணேன். பானட்டுல ஓட்ட போட்டேன். தானே புயல்ல ஷெட்டு தகரம் பூரா பறந்து போயி, தார்ப்பாயக் கட்டிக்கிட்டு அதுக்குக் கீழ நின்னு வேல பாத்தேன். ஒவ்வொரு தடவயும் இத்தோட கொறஞ்சிரும்னு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு எடுத்துக்கிட்டுப் போவோம். ரெண்டு லேப் நல்லா இருக்கும். மூணாவது லேப்ல முள்ளு ஏறும். ஒண்ணுமே கேக்கல அதுக்கு.

— தெரியும்ங்க. ஞாயித்துக்கிழம ஒண்ணு கூட நீங்க வீட்டுல இருந்ததில்ல.

— போன வருஷம் மே மாசம் ஞாபகம் இருக்கா, உன் தம்பி உள்ளங்கால்ல கொப்புளத்தோட வந்து நின்னானே? ஹீட்டர ஃபுல்லா வச்சிக்கிட்டு ஓட்டுனான். அக்கினி வெயிலு, கண்ணாடி பூரா ஏத்தி, தலையில ஹெல்மெட்டு, காலு மேல ஹீட்டரு. என்ஜின் சூட்ட அது கொஞ்சம் வெளிய இழுக்கும்னு நான்தான் சொன்னேன். எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல அவன். சரி மாமான்னு பண்ணான்.

— நீங்க சொல்லி அவன் எதக் கேக்கல.

— அன்னைக்கும் அப்படித்தான். பெப்ரவரி மாசம் அந்த சனிக்கிழம நீ வரல, உனக்கு ஸ்கூல்ல பிராக்டிகல் எக்சாம். அன்னைக்கி நடந்தத அவன் உன்கிட்ட முழுசா சொல்லியிருக்க மாட்டான்.

— சொன்னான். கொஞ்சம்.

— கோயமுத்தூரு ரேஸ் டீம்காரங்க வந்திருந்தாங்க. ஒரு சீசனுக்கு ஒரு டிரைவர் வேணும், டிராக்குக்கு வழக்கமா வர்றவங்கள்ல ஒருத்தர எடுக்கறோம்னு சொல்லியிருந்தாங்க. அவுங்க கேட்டது ஒண்ணுதான். நிறுத்தாம அஞ்சு லேப், அஞ்சும் ஒரே வேகமா. உங்க அப்பா ஒரு பக்கம் கெடு வச்சிட்டாரு. இதுலயும் எடுக்கலன்னா மஸ்கட் வேலைக்குக் கெளம்பிடணும், அதுக்கப்புறம் காரு பேச்சே கூடாதுன்னு.

— அப்பா சொன்னதுல தப்பில்லைங்க. அவனுக்கும் வயசு ஏறுது.

— தப்புன்னு சொல்லல. மச்சான் கெளம்பறதுக்கு முன்ன நான் ஜன்னல் பக்கம் குனிஞ்சு சொன்னேன். முள்ளு நூத்தி நாப்பதத் தாண்டுச்சின்னா கால எடுத்துடு, எவன் பாத்தாலும் சரி, எந்த டீம் பாத்தாலும் சரி. ஓடற வேகத்துல என்ஜின் புடிச்சிக்கிச்சின்னா வண்டி உன் கையில இருக்காது, உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லணும்னு நெனச்சுக்கன்னு உன் பேரச் சொன்னேன். தலய ஆட்டுனான். மூணாவது லேப் அவன் போட்ட டைம் அன்னைக்கி காலையிலேருந்து ஒருத்தரும் போடல. டீம்காரரு கையில இருந்த வாட்ச்ச பக்கத்து ஆளுகிட்ட காட்டுறாரு. நான் டிராக் ஓரத்து சுவரு பக்கமா நின்னு பாக்கறேன். நாலாவது லேப், பின்னாடி திருப்பத்துலேருந்து வர்ற சத்தம் பொசுக்குன்னு தணிஞ்சு போச்சு. அந்த சத்தம் தணிஞ்சப்பவே எனக்குத் தெரிஞ்சிட்டுது. மெதுவா வந்தான். எறங்கி ஹெல்மெட்ட கழட்டுனான். நூத்தி நாப்பத்திரெண்டு மாமான்னான். டீம்காரரு வந்து தோள்ல தட்டி, வண்டியக் காப்பாத்தத் தெரிஞ்ச ஆளுதான்னு சொல்லிட்டு, வேற ஒருத்தன எடுத்துக்கிட்டாரு. திண்டிவனத்துல டீ குடிக்க நிறுத்துனேன். ரெண்டு பேரும் டீய கையில வச்சிக்கிட்டே நின்னோம், ஆறிப்போச்சு.

— போதும்ங்க. தண்ணியும் கொதிக்கல, கேஸுதான் வீணாப் போகுது. எறக்கிடட்டுமா?

— இரு, இரு. ஓரத்துல முட்ட கட்டுது பாரு. மீட்டரு வயரு நுனியில இருக்கற சென்சாரு சட்டியோட அடியில படாம புடிக்கணும். நம்ப ஊரு கடலோரம். இங்க கொதிக்கிற தண்ணி நூறு டிகிரி, அதுல பொய் கெடையாது. மீட்டரும் நூறு காட்டுச்சின்னா நான் வீணா பயந்தேன்னு கையக் கழுவிட்டு எல போட வந்துடறேன். ம், தளதளன்னு கொதிக்குது. எனக்கு ஆவியில கண்ணாடி மறைக்குது. முள்ளு எங்க நிக்குது, நீ பாத்து சொல்லு.

— எனக்கு இதெல்லாம் சரியாத் தெரியாது.

— பிள்ளைங்களுக்கு சயின்ஸ் எடுக்கற, ஒரு மீட்டரு பாக்கத் தெரியாதா? குனிஞ்சு பாரு.

— நீங்களே பாத்துக்கங்க.

— சென்சார புடிச்சிருக்கேன், கைய எடுக்க முடியாது. சுவாதி, எங்க நிக்குது?

— நூத்தி இருவத்தஞ்சு.

— நல்லா பாரு.

— நல்லாத்தான் பாக்கறேன். நூத்தி இருவத்தஞ்சு.

— நூறு டிகிரி தண்ணிக்கு நூத்தி இருவத்தஞ்சு.

— அடுப்ப அணைச்சிடறேன். கைய எடுங்க, ஆவி அடிக்குது. எடுங்கன்னு சொல்றேன்ல, செவந்து போச்சு பாருங்க.

— சென்சாருதான். மீட்டரோட வந்த சென்சாரு மாட்டும்போது வெடிச்சிட்டுது. புதுப்பேட்டை பழைய சாமான் கடையில வேற ஒண்ணு வாங்கியாந்தேன். மரை சரியா சேந்துது, மாட்டிட்டேன். டவுன்ல ஓட்டுறப்ப சரியாத்தான் காட்டுச்சு. சூடு ஏற ஏற அதோட பொய்யும் ஏறியிருக்குது. அப்படின்னா அன்னைக்கி ஆயிலு நூத்தி பத்து, பதினஞ்சுக்குள்ளதான் இருந்திருக்கும். அது ஒரு சூடே இல்ல. அஞ்சு லேப் இன்னா, பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓட்டியிருக்கலாம்.

— வேணும்னு யாரும் பண்ணல.

— சிப்காட்ல எனக்கு இன்னா வேலை சுவாதி? கம்பெனில இருக்கற மீட்டரு ஒவ்வொண்ணும் சரியாக் காட்டுதான்னு சோதிச்சுப் பாக்கறதுதான் என் வேல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஒண்ணு விடாம சோதிக்கறேன். இத மட்டும் சோதிக்கல. நானே மாட்டுனதுதானேன்னு விட்டுட்டேன். ஒரு சட்டி தண்ணி, சுவாதி. அன்னைக்கே ஒரு சட்டி தண்ணி வச்சிருந்தா போதும்.

— ஒக்காருங்க. இந்தத் தண்ணியக் குடிங்க. போன் அடிக்குது, இருங்க. எங்கடா வர்ற? பஸ் ஸ்டாண்டு வந்தாச்சா? சரி சரி. மாமா இங்கதான் இருக்காரு. கடையில எதுவும் வாங்காத, எல்லாம் பண்ணி வச்சிருக்கேன். அங்கேருந்து ஆட்டோல வந்துடு, வெயில்ல நடக்காத.

— கிட்ட வந்துட்டான்.

— வந்துட்டான். எழுந்து மூஞ்சக் கழுவுங்க. சாப்பாடு முடியற வரைக்கும் இந்தப் பேச்சே வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்.

— அவன் வந்த ஒடனே சொல்லிடப் போறேன்.

— சொல்லி என்ன ஆகப் போகுது? சீசன் ஆரம்பிச்சாச்சு, அந்த எடத்துல வேற ஒருத்தன் ஓட்டிக்கிட்டு இருக்கான். கார வித்தாச்சு. விசா வந்தாச்சு, டிக்கெட் போட்டாச்சு. இப்பப் போயி உன் மேல தப்பில்ல, வண்டி மேலயும் தப்பில்ல, மீட்டரு பொய் சொல்லிச்சுன்னு சொன்னா அவன் அத எங்க கொண்டு போயி வைப்பான்? மஸ்கட்ல ரூமுல தனியா படுத்துக்கிட்டு அதையே நெனச்சிக்கிட்டு இருக்கணுமா?

— சொல்லலன்னாலும் நெனச்சிக்கிட்டுத்தான் இருப்பான். உங்க அப்பா இன்னா சொன்னாரு? பயந்து போயி நிறுத்திட்டான்னாரு. சொந்தக்காரங்க முன்னாடி சொன்னாரு. முள்ளு ஏறிச்சுன்னு கூட அவன் சொல்லல. அந்தப் பேர தூக்கிக்கிட்டு அவன் பிளேன் ஏறணுமா? பயந்தவன் நான். என் பேச்சக் கேட்டு நிறுத்தினவன் அவன்.

— அப்பா பேசறத யாரு பெருசா எடுத்துக்கறாங்க.

— அவன் எடுத்துக்கறான். உங்க வீட்டுல ஒருத்தரும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசாதப்ப, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல எல்லார் முன்னாடியும் மாமான்னு கூப்பிட்டு கையப் புடிச்சவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு நான் பண்ணது இது. தெரிஞ்சும் மறச்சிட்டு, அவன் பக்கத்துல ஒக்காந்து சோத்தப் பெசைய முடியாது என்னால.

— கையக் காட்டுங்க. கொப்புளம் வந்துடுச்சு. கொஞ்சம் தேன் தடவறேன்.

— விடு. இன்னைக்கி இல்லன்னா எப்ப சொல்றது? அங்க போனதுக்கு அப்புறம் போன்லயா? ரெண்டு வருஷம் கழிச்சு வர்றப்பவா? திட்டட்டும். அடிச்சாக் கூட வாங்கிக்கறேன். மீட்டரயும் சட்டியயும் அப்படியே வச்சு, அவன் முன்னாடியே தண்ணி கொதிக்க வச்சுக் காட்டிடறேன்.

— வேணாங்க.

— ஆட்டோ சத்தம் கேக்குது. வழிய விடு.

— நில்லுங்க. நான் சொல்றதக் கேட்டுட்டுப் போங்க.

— இன்னா?

— அந்த சனிக்கிழமைக்கு அடுத்த வாரமே அவன் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி, மீட்டரக் கழட்டி சிதம்பரத்துல அம்மா அடுப்புல தண்ணி வச்சுப் பாத்துட்டான், அவனுக்கு எல்லாம் தெரியும், மாமாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு, நீ சொல்லவே கூடாதுக்கான்னு என்கிட்ட அழுதுட்டுப் போனான். அந்தச் சட்டிய அங்கயே விட்டுட்டு, கண்ணத் தொடச்சிக்கிட்டு, வாசல்ல போயி அவன வா மச்சான்னு கூப்பிடுங்க.