இரண்டாவது மணி

ஒரு காகிதத்தின் மேலே என் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டேன். ஆரம்பம் அவ்வளவுதான். வேலைக்குக் கிளம்பிய முதல் நாளே, கேட்கக் கூடாது என்று அப்பா சொல்லி அனுப்பிய ஒரே விஷயம் அது. "லீவு கேளு, நாற்காலி கேளு, என்ன வேணா கேளு. பேரைப் போடுன்னு மட்டும் கேக்காத பாப்பா. அவங்க கண்ணுல படுவ." அப்பா இருபத்திரண்டு வருடம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கியவர். கடைசி நாள் வரை மேலாளருக்கு அவர் 'ஏய் நீலச்சட்டை'தான். எங்கள் வீட்டில் பட்டம் என்று ஒன்றை வாங்கிவந்த முதல் ஆள் நான். அந்தச் சட்டையை நானும் மாட்டிக்கொள்வதாக இல்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம், முதியோர் இல்லத்து வரவேற்பறையில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டீர்கள். "எங்கம்மா மணி அடிச்சாங்களா?" தெரியாது என்றேன். அது பொய். உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு நடைக்கூடத்திலும் சுவரில் ஒரு சின்ன நெட்வொர்க் பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பழுது பார்ப்பது எங்கள் கம்பெனி. கட்டில் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் அது பணியாளரின் போனில் ஒரு தடவை மணி அடிக்கும். அழைப்பைப் பென் டிரைவில் எழுதிக்கொள்ளும். யாரும் வரவில்லையென்றால், எழுதியதைப் பார்த்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்கும். நடுவில் எத்தனை தடவை அழுத்தினாலும் தனியாக அடிக்காது. தொல்லையாக இருக்கும் என்று அப்படி வைத்திருந்தார்கள். ஆக, இரண்டாவது மணி முழுக்கப் பென் டிரைவின் கையில்.

அந்தப் பென் டிரைவ்கள்தான் மாற்றி மாற்றிப் படுத்தன. திடீரென்று எர்ரர் வரும். பெட்டி அதைப் பூட்டிக்கொள்ளும்: படிக்கலாம், எழுத முடியாது. வெளியே பச்சை விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காதது போல எரியும். எங்கள் சாரின் வைத்தியம் ஒன்றுதான். உருவுவார், வாயால் ஊதுவார், சட்டையில் துடைத்துச் சொருகுவார். அதற்கும் மசியாவிட்டால் புதுசு. அப்படிப் பதினொன்றை மாற்றினார். பன்னிரண்டாவதும் போனபோது, "நம்ம ராசி இது" என்றார்.

ராசி இல்லை. மூன்று வாரம் பெட்டி பெட்டியாக உட்கார்ந்து பார்த்தேன். பழுது பென் டிரைவில் இல்லவே இல்லை. பெட்டிக்கு வரும் அடாப்டர் நோஞ்சான். பெட்டிக்கு வேலை கூடும்போது பென் டிரைவுக்கு மின்சாரம் போதாமல் ஒரு நொடி துண்டிக்கும். அந்த ஒரு நொடியில் எழுதிக்கொண்டிருந்தது சிதையும். தனியாக மின்சாரம் எடுக்கும் யூ.எஸ்.பி. ஹப் ஒன்றை நடுவில் போட்டால் தீர்ந்தது. நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அது தலைமை அலுவலகத்துக்குப் போனது, மேலே சாரின் மச்சினன் பெயரோடு. எங்களோடு வேலை செய்தவன்தான். எந்தப் பக்கம் சொருகுவது என்று என்னைக் கேட்டுத்தான் சொருகுவான்.

அப்போதுதான் கேட்டேன். சார் சிரித்தார். "பேரா? நாம என்ன கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறோம்? படிச்சவங்கள வேலைக்கு வச்சா இதான் பிரச்சினை." மச்சினன் சமாதானத்துக்கு வந்தான். "விடுக்கா. டீ வாங்கித் தரேன்."

டீயைக் குடித்தேன். கோபத்தில் எதையும் செய்யவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். பதினாறு நாள் யோசித்தேன்.

எல்லாப் பெட்டிக்கும் ஹப் மாட்டியாயிற்று. திங்கட்கிழமை இல்லத்து நிர்வாகத்தின் முன்னால் மச்சினன் ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டாவது மணியை அடித்துக் காட்ட வேண்டும். வியாழக்கிழமை ஒரு பெட்டியில் மட்டும் ஹப்பைக் கழற்றிப் பழைய அடாப்டரை மாட்டினேன். பூட்டிக்கொண்டால் அலுவலகத்துக்கு எச்சரிக்கை வரும், அதையும் நிறுத்தினேன். இல்லையென்றால் யாராவது அன்றே சரிசெய்துவிடுவார்கள், யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். எல்லோர் முன்னாலும் அவன் விழிக்க வேண்டும், என்னைக் கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவே. இருப்பதிலேயே குறைவாக மணி அடிக்கும் நடையாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஈவு இரக்கம் இல்லாதவள் அப்படிப் பார்ப்பாளா?

அது உங்கள் அம்மாவின் நடை. அவர் எனக்குப் பழக்கம். அந்தக் கட்டடத்தில் என்னை 'இன்ஜினியரம்மா' என்று கூப்பிட்ட ஒரே ஆள். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர் அல்லவா, என் வேலையில் ஒரு கண் எப்போதும் உண்டு. அந்த வியாழக்கிழமையும் கேட்டார்.

"இன்ஜினியரம்மா, இது நெசமா அடிக்குதா, அடிக்கிற மாதிரி நடிக்குதா?"

"அடிக்கும்மா."

"ஊரு கூப்பிட்டதுக்கெல்லாம் முப்பது வருஷம் நான் பதில் சொல்லிருக்கேன். நான் கூப்பிட்டு யாரும் வரலைன்னா?"

"பெட்டி விடாதும்மா. வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி அடிக்கும். நீங்க பொத்தானை மட்டும் அழுத்துங்க."

இதைச் சொன்னபோது அவர் நடையின் ஹப் என் பைக்குள் இருந்தது.

சனிக்கிழமை மதியம் கீழே ஒருவர் குளியலறையில் விழுந்துவிட்டார். இரண்டு பணியாளர்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். போன் ஒரு தடவை அடித்திருக்கிறது. "மறுபடி அடிக்கும்ல, அப்ப போலாம்னு இருந்தேன்" என்று பிறகு அவர்களில் ஒரு பெண் அழுதாள். அவளைத் திட்டாதீர்கள். அங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம். முதல் மணிக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்; இரண்டாவது அடித்தால்தான் அவசரம். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். என் நான்கு பக்கத்தில் மூன்றாவது பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் அம்மா இறந்துகிடந்ததைப் பார்த்த பிறகு, நான்கு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பென் டிரைவ் நான் நினைத்தபடியே பூட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பெட்டியை அணைக்காதவரை, நடந்தது அதன் நினைவில் இருக்கும். திரையில் படித்தேன். ஒரு தடவை படித்தது போதும். பெட்டியை அணைத்துப் பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி போட்டேன். பச்சை விளக்கு வந்தது. ஹப்பைத் திருப்பி மாட்டவில்லை. அது அவன் பதில் சொல்ல வேண்டிய இடம். அதன் பிறகுதான் வரவேற்பறையில் உங்களைப் பார்த்தேன்.

அவன் பதில் சொல்லிவிட்டான். என் நான்கு பக்கத்தையே வைத்துக்கொண்டு. ஒரு பெட்டிக்கு மட்டும் ஹப் விடுபட்டிருக்கிறது, மின்சாரம் போதவில்லை, பென் டிரைவ் பூட்டிக்கொண்டது, அம்மையார் மறுபடி மணி அடித்ததற்குப் பதிவு ஏதும் இல்லை. மறைக்காமல், இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததற்கு அவனைப் பாராட்டித் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சார் அதை இன்று காலை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். 'கண்டறிந்தவர்' என்ற இடத்தில் அவன் பெயர். ஹப்பைக் கழற்றியது நான், மணியை நிறுத்தியது நான், அது ஏன் நின்றது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். அதுவும் அவன் கணக்கில். எவ்வளவுதான் பொறுப்பது?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடித்தார்கள். இரண்டு பத்துக்கு முதல் தடவை, இரண்டு முப்பத்தொன்றுக்குக் கடைசித் தடவை. மொத்தம் பத்தொன்பது. நான் சொன்னதை நம்பி அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இதன் ஒரு பிரதியும் அந்த ஹப்பும் என் பையில் இருக்கின்றன. காவல் நிலையம் இரண்டு தெரு தள்ளி. எழுந்தபோது சார் தலையைத் தூக்கினார். "எங்கம்மா கிளம்பிட்ட? ரெண்டாவது மாடியில ஒரு பென் டிரைவ் எர்ரர் காட்டுது."

"ஊதிச் சொருகுங்க சார்" என்றேன்.

கடைசி வரிகளை மாடிப்படியில் நின்று எழுதுகிறேன். அந்த நான்கு பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அழுது முடித்த பிறகு நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு இடத்தில்கூடத் தப்பு இருக்காது. மேலே என் பெயரை நானே போட்டுவிட்டேன்.