முந்தானையில் சிவப்பு ஸ்டிக்கர்

டிசம்பர் மாதம். பனியன் கம்பெனி விட்டதும், அனுப்பர்பாளையம் பஸ்ஸில் என் முன்சீட்டில் துணியில் குறை பார்த்து ஒதுக்கும் செக்கிங் பெண்கள் இருவர் வந்து உட்கார்ந்தார்கள்.

“அக்கா, டேமேஜ் பீசுக்கு ஒட்டற ஸ்டிக்கரு உங்க முந்தானைல ஒட்டியிருக்குதுங்க,” என்றாள் இளையவள்.

“இருக்கட்டும்ளா. அதுக்குத்தான கிறிஸ்துமஸே,” என்றாள் மூத்தவள், பேச்சில் தெற்கத்திக்காரி.

“ஏனுங்க?”

“நாம டேமேஜைத் தேடுறது ஒதுக்குறதுக்கு. ஏசப்பா தேடி வந்தது எடுத்துக்கிடுறதுக்கு. வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனப்ப சொந்தக்காரங்கல்லாம் ஒதுக்கிட்டாவ. ஏசப்பா ஒதுக்கல.”

இளையவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“எனக்குக் கொழந்த இல்லீன்னு விசேசத்துக்கே யாரும் கூப்பிடறதில்லீங்க்கா. என்னையுந் தேடுவாருங்களா?”

“உனக்கும் சேத்துத்தாம்ளா வந்தாரு.”

“நல்ல சாமிங்க்கா,” என்றவள், அந்த ஸ்டிக்கரை மெதுவாக உரித்துத் தன் தோளில் ஒட்டிக்கொண்டாள்.