வெட்டிய காட்சி

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தால் போதும், காதியார், வேறொன்றும் வேண்டாம். மாத்தளையில் ஏறினால் தம்புள்ளையில் இறங்கும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டு போவேன். அன்று ஜன்னலோரம் கிடைக்கவில்லை. டிரைவரின் தலைக்கு மேலே டிவியில் ஓடிய படத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று.

படத்தில் ஒரு பெண். புருஷன் நல்லவன், குடிப்பதில்லை, அடிப்பதில்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கிறான். பக்கத்து வீட்டுக்கு ஒருத்தன் குடிவருகிறான். அவன் மழையில் நனைகிறான், இவள் துவாய் கொடுக்கிறாள், உடனே பாட்டு. கடைசியில் இரண்டு பேரும் ரயிலேறும்போது பஸ்ஸே கழுத்தை நீட்டிப் பார்த்தது. நாலந்தையில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் இறங்கவே மறந்துபோனார். எனக்கு வயிறு எரிந்தது. கட்டின புருஷனுக்குச் செய்கிற துரோகத்துக்கு வயலின் வாசிப்பதா?

முன் இருக்கையில் எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவைச் சேர்ந்த ஹிதாயா இருந்தாள், மடியில் ஆறு வயது மகள் அஸ்ரா. கணவர் ஸியாம் கத்தாரில். படம் முடிந்ததும் ஹிதாயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைக் கண்ட பிறகு கையைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது. பதினொரு வருடமாகப் பள்ளிவாசல் செயலாளராக இருக்கிறேன்.

முதலில் ஒழுங்கு முறைப்படிதான் போனேன். பஸ் முதலாளிக்கு மனு எழுதினேன். எந்தெந்தக் காட்சி கெட்டது என்று நிமிஷத்தோடு குறிப்பிட வேண்டியிருந்ததால் படத்தைப் போனில் ஏழு தடவை பார்க்க நேர்ந்தது. துவாய்க் காட்சியை மட்டும் இன்னும் சில தடவை. அது சிக்கலான காட்சி. நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். அடுத்த கிழமையிலிருந்து அந்த பஸ்ஸில் பைலாப் பாட்டு. ஊரே என்னைப் பாராட்டியது. ஆனாலும் ஹிதாயா கண்ணைத் துடைத்தது என் மனதை விட்டுப் போகவில்லை.

ஸியாம் அங்கே வெயிலில் வேலை செய்கிறார். அவருக்காக இங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்? அவளைச் சோதித்துப் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. மரணம் நடந்தால் ஜனாஸா அறிவிக்கவும் நோன்புக் கஞ்சி பங்கிடவும் என்று மஹல்லாவின் நம்பர்களை நானே வீடு வீடாகப் போய்ப் பதிவேட்டில் எழுதியிருந்தேன். புது சிம் ஒன்று எடுத்துப் பழைய போன் ஒன்றில் போட்டு, றினோஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, நம்பர் மாறி வந்துவிட்டதென்று ஹிதாயாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவாயில்ல" என்று பதில் வந்தது. ஒழுக்கமான பெண் பதிலே போட்டிருக்க மாட்டாள். அதைக் குறித்துக்கொண்டேன்.

சோதனை எட்டு மாதம் நடந்தது. அவசரப்பட்டு ஒரு பெண்ணைக் குற்றம் சொல்லக்கூடாது அல்லவா. முதலில் படத்து வசனங்களை அனுப்பினேன், அவள் கண்டுகொள்ளவில்லை. பிறகு சொந்தமாக எழுதினேன். தலைவலி குறைந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, இன்று என்ன கறி. இவற்றுக்குப் பதில் வந்தது. ஒருநாள், "இதெல்லாம் என்ட்ட யாரும் கேக்கிறதில்ல" என்று எழுதினாள். அன்று என் கடையில் ஏலக்காய் கேட்டு வந்தவருக்குக் கராம்பு நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு கவனம் கேட்கிற வேலை அது. என் மனைவி நாச்சியாவுக்கு அந்த நாட்களில் முழங்கால் வலியாம். விசாரிக்க நேரம் இருக்கவில்லை.

கடைசிப் பரீட்சையாகத் தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கு எதிரிலுள்ள தேத்தண்ணிக் கடைக்கு அவளை வரச் சொன்னேன். நான் லொறிகளுக்குப் பின்னால் நின்றேன். புதுச் சட்டை போட்டு அத்தர் பூசியிருந்தேன். வெளியூர் போகும்போது சுத்தமாகப் போவதுதான் முறை. அவள் வந்தாள். ஒரு மணித்தியாலம் தனியாக உட்கார்ந்திருந்தாள். போட்டோ எடுத்தேன். அவளிடம் போக மூன்று தடவை காலெடுத்து வைத்தது உண்மைதான். போட்டோ தெளிவில்லாமல் இருந்தது.

அவள் எழும்பிப் போன பிறகு குரல் பதிவு வந்தது. "நேர கண்டு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன், நீங்க வரல்ல. நல்லாப் பேசினீங்க, அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும். இனி எழுதாதீங்க. அஸ்ராட வாப்பா அடுத்த மாசம் வாறாரு. எனக்கு அவர் போதும்." இதை அனுப்பிவிட்டுத் தன் போனில் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

போட்டோவையும் அவள் எழுதியவற்றையும் வரிசைப்படுத்தி, என் பெயர் போடாமல் ஸியாமுக்கு அனுப்பினேன். குரல் பதிவைச் சேர்க்கவில்லை. தேவையில்லாத காட்சி; வெட்டிவிட்டேன்.

எங்கள் ஊரில் எந்தக் குடும்பப் பிணக்கும் காதி நீதிபதியான உங்களிடம் வருமுன் பள்ளிவாசல் நிர்வாகத்திடம்தானே வரும். ஸியாம் வந்து முறையிட்டார். இனி எழுத வேண்டாமென்று தான் குரல் பதிவு அனுப்பியதாகச் சொல்லி ஹிதாயா அழுதாள். ஆதாரம் இருக்கிறதா என்று யாராவது கேட்க வேண்டும். செயலாளர் என்ற முறையில் நான் கேட்டேன். ஆதாரம் என் சட்டைப் பையில் கிடந்த போனில் இருந்தது. அறிக்கையை நானே எழுதினேன்; அதை வைத்துத்தான் நீங்கள் தலாக்கைப் பதிந்தீர்கள். அஸ்ராவை ஸியாமின் உம்மா வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பாடசாலை விடுகிற நேரம் ஹிதாயா மதிலோரம் வந்து நிற்கிறாளாம். பிள்ளை திரும்பிப் பார்க்கக்கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். கேள்விப்பட்டபோது எனக்கும் கவலையாகத்தான் இருந்தது.

அந்தப் போனை நாச்சியா கண்டெடுத்து, குரலைக் கேட்டு, உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். புருஷனுக்குத் தெரியாமல் ஒரு மனைவி இப்படிச் செய்யலாமா என்பதை இன்னொரு நாள் பேசுவோம். எல்லாம் நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் புள்ள ஒங்கட சோதனையில பாஸாயிட்டாளே, பாறூக் ஹாஜியார். பொறகு ஏன் அனுப்பினீங்க?"

நியாயமான கேள்வி. அந்தக் குரலை நானும் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். எட்டு மாதம் அவளைத் தவிர வேறு நினைவே இல்லாமல் இருந்த ஒருத்தனை, அரை நிமிஷத்தில் உதறிவிட்டுக் கட்டின புருஷனிடம் போகிறேன் என்றாள். அப்படித் துரோகம் செய்கிறவளைச் சும்மா விடச் சொல்கிறீர்களா, காதியார்?