பூரணியோட மூணாவது ஆட்டம்

ஹலோ... ஆமா சார், ஷஹீன் பானுதான். சொல்லுங்க செந்தில் சார்... இல்ல இல்ல, தூங்கல. துணி மடிச்சிட்டிருந்தேன்... ம்... சாப்ட்டேன். இன்னா சாப்ட்டேன்னு கேக்காதீங்க, ஞாபகம் இல்ல.

அழலயே சார். எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. நேத்து பூரணி வீட்ல அவ்ளோ ஜனம் அழுதுச்சி. நான் வாசல்ல கழட்டிப் போட்ட செருப்புங்களப் பாத்துட்டு நின்னேன். எதுலயாவது தையல் விட்டிருக்கான்னு. ஷூ கம்பெனி செக்கிங்ல பத்து வருஷம் நின்னா அப்டித்தான்...

நம்ம கம்பெனி செஸ் டோர்னமென்ட்டா? ம், சொல்லுங்க... பாயின்ட் கூட்டி முடிச்சிட்டீங்களா... யாரு ஃபர்ஸ்ட்டு?... நானா?

இருங்க சார். நான் எப்டி? ஆறு பேரு. ஒவ்வொருத்தரும் மீதி அஞ்சு பேரோட ஒரு வாட்டி ஆடணும், ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டம். அதான கணக்கு? மொத ஞாயிறே நான் பூரணிகிட்ட தோத்தேன். அவ வராத ஆட்டத்துக்கு, எதிர்ல ஆட வேண்டிய மதியழகனுக்கு ஒரு பாயின்ட் வரும். என்ன விட அர பாயின்ட் ஜாஸ்தி ஆயிடுமே...

ம்... ம்... மறுபடி சொல்லுங்க சார், தலைக்குள்ள போவல.

ஓ... நடுவுல நின்னவங்க பாதி ஆட்டமாவது ஆடியிருக்கணும். அதுக்குக் கம்மின்னா அவங்களோட ஆடுனது எதுவும் சேராது... ஆமா ஆமா, புரியுது. அஞ்சுல கொறஞ்சது மூணு ஆடணும். பூரணி ஆடுனது ரெண்டு. அதனால நான் அவகிட்ட தோக்கவே இல்ல. மதியழகனுக்கும் சும்மா வர்ற பாயின்ட் இல்ல.

அவ செத்ததால நான் ஜெயிச்சிட்டேன்.

இல்ல சார், கோவம்லாம் இல்ல. கோவம் கூட வரல எனக்கு, நெஜமா.

அப்ப கம்பெனி வாசல் போர்டுல ஒட்டுற சார்ட்ல அவ பேரு?... செவப்புல கோடா... ம்.

அவ ஜெயிச்சதே அது ஒண்ணுதான் சார். என்ன ஜெயிச்சது. அன்னிக்கு பஸ்ஸுல பேரணாம்பட்டு வரைக்கும் அதே பேச்சி. குதிரைய எங்க வெச்சேன் பாத்தியா, பாத்தியான்னு. எனக்கு ஒரே பேஜார்...

இருங்க சார், துணிய ஓரமா வெச்சிக்கிறேன்.

சார், மூணாவது ஞாயிறு ஞாபகம் இருக்கா? அவளுக்கும் மக்பூல் பாய்க்கும்... அதேதான், நெஞ்ச அடைக்குதுன்னு எழுந்து போனாளே, அன்னிக்கு. நீங்க டீக்கு சொல்லிட்டு வந்து கேட்டீங்க. இன்னும் ஆரம்பிக்கலன்னு பாய் சொன்னாரு. நானும் தலையாட்டுனேன்...

பொய் சார் அது. ஆரம்பிச்சிட்டாங்க. ஒம்போது மூவ் ஆச்சி. பாதில எழுந்தா தோல்வின்னு போட்டுடுவீங்கன்னு பாய் காயெல்லாம் பழையபடி அடுக்கிட்டாரு. ஒடம்பு தேறி வந்து மொதல்லேர்ந்து ஆடட்டும்னு. அவளுக்கு நல்லதுன்னுதான் செஞ்சோம்... ஆமா சார், தப்புதான். ரெண்டு பேரு தப்பும்.

இருக்கு, அவ மூவ் எழுதுன தாள் இருக்கு. போறப்ப பத்திரம்னு என் டிஃபன் பையில சொருகிட்டுப் போனா. பாய்கிட்டயும் அவரு எழுதுனது இருக்கும், கேளுங்க.

தோல்வின்னே போடுங்க சார். தோத்தாலும் ஆடுனதுதான? அப்ப மூணாச்சில்ல?... தெரியும் சார். கப்பு மதியழகனுக்குப் போவும். போவட்டும்.

ஐயோ, பெரிய மனசுலாம் இல்ல சார். அவ என்ன ஜெயிச்சா. ஜெயிச்சது ஜெயிச்சதுதான். அதுக்கு மேல கோடு போட்டா நான் எப்டி தெனம் அந்த போர்டத் தாண்டி உள்ள போறது?

யோசிங்க... சரி சார். நாளைக்கு ஷிஃப்டுக்கு முன்னாடி தாளக் கொண்டாந்து குடுத்துடுறேன்...

இப்பவேவா? படிக்கவா? இருங்க, பிரிக்கிறேன்... கிழிச்ச நோட்டுத் தாளு சார். அவளே நம்பர் போட்டு எழுதுவா. ஒண்ணு, ரெண்டு... ஆமா, ஒம்போது வரைக்கும் ரெண்டு பேரு மூவும் எழுதியிருக்கா. ஒம்போதுல குதிர...

...

ஒண்ணுமில்ல சார்.

கீழ பத்துன்னு நம்பர் போட்டு வெச்சிருக்கா. பத்து, ஒரு புள்ளி. பக்கத்துல ஒண்ணும் எழுதல...

சார்... இல்ல, ஜலதோஷம்... சார், நான் வெக்கிறேன். வெக்கிறேன் சார்...